நான் சொல்லாமல் விட்ட பசி

யுத்தத்தின் கடைசி வருஷங்களில் நான் மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை. எனக்கு மலேரியா கண்டு மிஷன் ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்திருந்தபோதுதான் அந்த நர்ஸம்மா பழக்கமானார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆஸ்பத்திரியில் அவரை ‘ரஷ்யாக்காரம்மா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் ஒவ்வொரு முறையும், “ரஷ்யா இல்லே. உக்ரைன்” என்பார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்படி ஒரு நாட்டை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

அவருடைய ஊர் போலந்தின் ஆட்சியில் இருந்தது. ஊர் எல்லையில் ஓடிய ஆற்றுக்கு அக்கரையிலும் அதே ஜனங்கள், அதே பாஷை. ஆனால் அந்தப் பக்கம் சோவியத் ரஷ்யாவின் கையில். யுத்தம் தொடங்கியதும் ரஷ்யப் படை ஆற்றைக் கடந்து வந்தது. அவரையும் அவருடைய அம்மாவையும் சரக்கு ரயிலில் ஏற்றிப் பனிக்காட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா அங்கேயே இறந்துபோனார். இவர் பாரசீகம் வழியாகக் கப்பலேறி, கோலாப்பூர் பக்கம் போலந்து அகதிகளுக்குப் போட்டிருந்த முகாமுக்கு வந்து, அங்கிருந்து நர்ஸ் வேலைக்காக மதுரைக்கு வந்திருந்தார்.

காய்ச்சல் தணிந்த ஒரு பிற்பகலில் என்னிடம் ஒரு துண்டைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு முனைகளிலும் சிவப்பும் கறுப்புமாகத் தையல் பூ. அத்தனை தூரம் அவர் கொண்டுவந்திருந்த சொத்து அது ஒன்றுதான்.

“நான் செத்தால் இங்கே என்னைப் போலந்துக்காரி என்று புதைப்பார்கள், இல்லாவிட்டால் ரஷ்யாக்காரி என்று. அதற்கு முன்னால் நாலு பேருக்காவது நாங்கள் யார் என்று சொல்லிவிட வேண்டும்” என்றார் இங்கிலீஷில்.

நான் குணமாகி வேலைக்குத் திரும்பியதும் எங்கள் தலைமையாசிரியையிடம் சொன்னேன். நேச நாடுகளைப் பற்றி ஊர்ப் பெண்களுக்கு ஒரு கூட்டம் நடத்த அவர் ஏற்கெனவே நினைத்திருந்தார். நர்ஸம்மா பேசட்டும், நீ தமிழில் சொல் என்றார்.

நர்ஸம்மா நான்கு நாள் சாயங்காலங்களில் அதற்காக உழைத்தார். கீழமாசி வீதியில் தேன்மெழுகு வாங்கி வந்தோம். ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து வெங்காயத் தோலைச் சேர்த்துக் காய்ச்சிச் சாயம் எடுத்தார். மஞ்சளில் இன்னொரு சாயம். தங்கள் ஊரில் ஈஸ்டருக்குச் செய்வதுபோல, உருக்கிய மெழுகை ஊசி முனையில் தொட்டு வாத்து முட்டைகளின் மேல் கோடு போட்டுச் சாயத்தில் முக்குவார். கடைசியில் மெழுகை விளக்கில் காட்டித் துடைத்தால் நட்சத்திரமும் கதிரும் மான் கொம்பும் துலங்கும்.

“எவ்வளவு அழகாக வரைகிறீர்கள்” என்றேன்.

“வரைவது இல்லை. எங்கள் பாஷையில் முட்டையை எழுதுகிறோம் என்றுதான் சொல்வோம்.”

கூட்டத்தன்று காலையில் தலைமையாசிரியை என்னைத் தனியே கூப்பிட்டார். “இந்தா பாரும்மா, ரஷ்யா இப்ப நம்ம சர்க்காருக்கு சிநேக நாடு. கலெக்டர் வீட்டம்மா வாராங்க. நர்ஸம்மா ஏதாச்சும் ஏறுக்குமாறாப் பேசுனா நீ அதைத் தமிழ்ல சொல்லிக்கிட்டு இருக்காதே. புரியுதா?”

“புரியுதுங்கம்மா” என்றேன். எங்கள் ஊர் எழுமலையிலிருந்து படிக்க வந்த முதல் பெண் நான். அந்த வேலை போனால் திரும்பிக் களையெடுக்கிற காட்டு வேலைக்குத்தான் போக வேண்டும்.

கூட்டத்தில் நர்ஸம்மா துண்டைப் பற்றிச் சொன்னார், முட்டைகளைப் பற்றிச் சொன்னார். நானும் அப்படியே சொன்னேன். பெண்கள் முட்டைகளைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். பிறகு அவர் தன் அக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அக்காவை அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தது. ஒரு வருஷம் சோவியத் சர்க்கார் ஆட்கள் வீடு வீடாக வந்து தானியத்தை எல்லாம், விதைக்கு வைத்திருந்ததைக்கூட, எடுத்துப் போனார்கள். அக்காவும் மூன்று பிள்ளைகளும் பசியில் இறந்தார்கள். ஆற்றை நீந்தி வந்த ஒருவர் சொல்லித்தான் இவர்களுக்குத் தெரியும்.

முன்வரிசையிலிருந்து தலைமையாசிரியை என்னைப் பார்த்தார்.

“நர்ஸம்மாவோட அக்கா ரொம்ப தூரத்துல இருக்காங்க. அவங்களுக்கு மூணு பிள்ளைக. அவங்களை நெனச்சுக்கிட்டே இருக்காங்களாம்” என்றேன்.

பெண்கள் பிரியமாகச் சிரித்தார்கள். யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

நர்ஸம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பேச்சை அதோடு நிறுத்திக்கொண்டார். கூட்டம் கலைந்த பிறகு மெதுவாகச் சொன்னார்: “வார்டில் தினமும் கேட்கிற சொல் ‘பசி’. அது எனக்குத் தெரியும். நான் அதற்காகக் காத்திருந்தேன். நீ சொல்லவே இல்லை.”

அவர் முட்டைகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

இருபது நாள் அவர் இருந்த பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. பிறகு போய், “எங்கள் ஊருக்கு வாருங்கள். அங்கே ஒரு சொல் விடாமல் சொல்கிறேன்” என்றேன். வருகிறேன் என்றார்.

பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடிய பஸ்ஸில் உசிலம்பட்டி வரைக்கும், அதன்பின் மாட்டுவண்டி. பருத்தி எடுக்கிற காலம். எங்கள் காட்டில் இறங்கியதும் அவர் குனிந்து ஒரு கை மண்ணை அள்ளினார். “எங்கள் மண்ணும் இப்படிக் கறுப்புதான்” என்றார். பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் உச்சிக்குக் கஞ்சி குடிக்க வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோது அவர் பேசினார். நான் எதையும் விடவில்லை.

கூலிக்கு வந்திருந்த ஒரு அம்மா கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தார். ஒரு பஞ்ச வருஷத்தில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் அவர்.

“ஏந்தாயி, இம்புட்டுக் கருமண்ணு இருக்கிற ஊர்ல எப்படிப் பஞ்சம் வந்துச்சு?”

“வெளஞ்சதை எல்லாம் சர்க்காரு அள்ளிட்டுப் போயிருச்சாம்.”

“அந்த அக்காவுக்கு ஆரு மாரடிச்சா?”

நான் கேட்டுச் சொன்னேன்: “ஆருமில்ல. பொதைச்ச எடமே தெரியாதாம்.”

அந்த அம்மா எழுந்து வந்து நர்ஸம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டார். குரல் தானாக எழும்பியது. ‘ஆத்துக்கு அங்கிட்டு அடுப்பணஞ்சு போனவளே’ என்று தொடங்கினார். மற்றப் பெண்களும் சுற்றி உட்கார்ந்து தோள் சேர்த்தார்கள். நட்ட நடுப் பகலில், யாரென்றே தெரியாத ஒருத்திக்கும் அவளுடைய மூன்று பிள்ளைகளுக்கும் எங்கள் காட்டில் ஒப்பாரி நடந்தது. நர்ஸம்மா முதலில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பிறகு அவரும் தம் பாஷையில் அழுதார். அது அழுகையா பாட்டா என்று பிரிக்க முடியவில்லை. தங்கள் ஊரிலும் பெண்கள் இப்படித்தான் பாடி அழுவார்கள் என்று திரும்பும் வழியில் சொன்னார்.

வண்டியில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். ஆனால் பள்ளிக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னித்தாரா என்று கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

யுத்தம் முடிந்தது. ஆற்றின் இரு கரையும் ரஷ்யாவுக்கே என்று ஆகிவிட்டது. அவருக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை. இங்கிலாந்துச் சீமைக்குக் கப்பலேறிப் போய், அங்கிருந்து கனடாவுக்குப் போனார். அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. தங்கள் பாஷை பேசுகிற ஜனங்கள் அங்கே நிறைய இருக்கிறார்களாம். பெண்கள் கூடும்போதெல்லாம் எழுமலையைப் பற்றிச் சொல்கிறாராம். அந்தப் பேர் ஒருவர் வாயிலும் நுழையவில்லையாம்.

நான் இரண்டு கடிதம் போட்டேன். ஒன்றுக்குப் பதில் இல்லை. மற்றது, விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. வீடு மாறினாரா, இறந்துபோனாரா, எனக்குத் தெரியாது. அங்கே அவரை எந்த ஊர்க்காரி என்று எழுதிக்கொண்டார்கள் என்பதும் தெரியாது.