சுதாராணி வாங்கிய தள்ளுபடி

அந்தத் தள்ளுபடிக் கம்பெனிக்காரன் ஒரே ஒரு தடவை கொடைக்கானல் பக்கம் வந்திருந்தால் போதும். நாயுடுபுரத்தில் என் தையல் கடை வாசலிலேயே நிறுத்தி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஆனால் அவன் எங்கே வரப்போகிறான்? கம்ப்யூட்டருக்குள் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, ஊர்ப் பெண்களின் முகத்தில் விளையாடினான். கெட்டுப்போனது என் பக்கத்துக் கடைக்காரி சுதாராணியின் பேர்.

சுதாவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவள் அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அங்கே கொழுந்து பறித்த கைகள் இங்கே கேரட் பிடுங்கின, பூண்டு ஆய்ந்தன. சுதா இங்கேதான் பிறந்தாள். பனிக்காலத்தில் கன்னம் வெடித்து ரத்தம் கசிய பள்ளிக்கூடம் போன பிள்ளை. கூடப் படித்த டவுன் பிள்ளைகள் கேலி பண்ணியிருக்கிறார்கள். முகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு அங்கேதான் பிடித்திருக்க வேண்டும். பத்தாவது முடித்ததும் திண்டுக்கல்லில் ஒரு பார்லரில் சேர்ந்து, தரை கூட்டி, துண்டு துவைத்து, புருவம் எடுக்கவும் ஃபேஷியல் பண்ணவும் கற்றுக்கொண்டு வந்தாள். என் கடைக்கு அடுத்த அறையைப் பிடித்து பார்லர் போட்டாள்.

வியாபாரம் பண்ணத் தெரியாதவள். காசோடு வருகிற பெண்ணிடம், "ஒனக்கு இதெல்லாம் வேணாம்மா, தேங்காண்ண தேச்சு வெந்நியில கழுவு, போதும்" என்று திருப்பி அனுப்புவாள்.

"அடியே, வர்றவள எல்லாம் இப்படித் தொரத்துனா நீ என்னத்தச் சம்பாதிப்ப?" என்று நானே திட்டியிருக்கிறேன்.

"மூஞ்சிய நம்ம கையில குடுத்துட்டுக் கண்ண மூடிப் படுக்குறாங்கக்கா. அவங்ககிட்டப் போயி எப்படிப் பொய் சொல்றது?"

அவ்வளவுதான் அவள் கடைக்கு விளம்பரம். பள்ளங்கியிலிருந்தும் மேல்மலையிலிருந்தும் கல்யாணப் பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள். சுதா சொன்னால் சரியாக இருக்கும் என்ற பேர் ஒன்றுதான் அவள் சொத்து.

2009 மார்கழியில் பள்ளங்கி விஜயராணி வந்தாள். காட்டு வேலை செய்கிறவள். மகள் ஜெயப்பிரியாவுக்குத் தை மாதம் பழனியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கிறவர்கள்.

"வசதியான எடம் சுதா. எம்புள்ள வெயில்லயும் பனியிலயும் கெடந்து கறுத்துப்போயிருக்கா. மேடையில ஒக்காந்தா பளிச்சுன்னு இருக்கணும். டவுனுப் பிள்ளைகளுக்குப் போடுவீகள்ல, தங்கக் கலர்ல, அதப் போட்டுவிடு."

அது கோல்டு ஃபேஷியல். அந்த டப்பா விற்கிற விலை விஜயராணிக்குக் கட்டுப்படியாகாது. மற்றவளாக இருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பாள், இல்லை பழைய டப்பாவில் வேறு எதையாவது போட்டு ஏமாற்றியிருப்பாள். சுதா ரெண்டும் செய்யாமல் மேலத்தெரு பிரவுசிங் சென்டருக்குப் போனாள். சென்டர் வைத்திருக்கிற சிவமுருகன், அவளுக்கு அந்த வெப்சைட்டைத் திறந்து காட்டினான். அதே டப்பா, அதே படம், எழுபது சதவீதம் தள்ளுபடி. இன்று மட்டும்தானாம். தள்ளுபடி முடிய எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பக்கத்திலேயே ஒரு கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்துப் பதறிப்போய் ஆர்டர் போட்டுவிட்டாள். அடுத்த வாரம் ஒரு சோலியாக நான் அங்கே போனபோதும் 'இன்று மட்டும்' என்றுதான் இருந்தது, கடிகாரமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. திருட்டுப் பயல்கள்!

பார்சல் தபாலில் வந்தது. பணத்தைக் கட்டினால்தான் பெட்டி கைக்கு வரும், அதற்குமுன் பிரித்துப் பார்க்க முடியாது. கட்டி வாங்கிக்கொண்டு வந்து பிரித்தாள். க்ரீம், மேலே தண்ணீர் தனியாகவும் அடியில் கட்டியாகவும் திரிந்து கிடந்தது.

கீழ்நாட்டில் இருக்கிற எந்தப் பெண்ணும் கெட்டுப்போய்விட்டது என்று அந்த நிமிஷமே குப்பையில் போட்டிருப்பாள். எங்களுக்கு அது தோன்றாது. மார்கழியில் எங்கள் வீட்டுத் தேங்காயெண்ணெய் கல்லாகக் கிடக்கும். அடுப்போரம் வைத்து இளக்கித்தான் தலைக்குத் தேய்ப்போம். முகத்துக்குப் போடுகிற க்ரீமும் விறைத்துக்கொள்ளும், வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்துக் கலக்கினால் சரியாகிவிடும். மலையில் பிறந்த எல்லாருக்கும் கையோடு ஒட்டிய பழக்கம் இது. சுதாவும், "குளிருக்குத் திரிஞ்சிருக்குக்கா" என்று சொல்லிக்கொண்டே டப்பாவை வெந்நீரில் வைத்தாள். கலக்கியதும் வழுவழுப்பாகிவிட்டது. வாசனையும் தூக்கலாக இருந்தது.

அப்படியும் அவள் அவசரப்படவில்லை. முந்தின நாளே தன் மணிக்கட்டில் தடவிப் பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை. வருஷக்கணக்காக எதையெல்லாமோ தொட்டுத் தொட்டுக் காய்த்துப்போன கை அது. அதை என்ன செய்யும்?

ஜெயப்பிரியாவுக்கு ஃபேஷியல் பண்ணி அனுப்பினாள். மறுநாள் வெள்ளனே, நான் கடைக் கதவைத் திறக்கும்போது, விஜயராணி மகளை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். பெண்ணின் முகத்தில் போட்டிருந்த துப்பட்டாவை விலக்கினாள். கண் ரெண்டும் இடுங்கி, கன்னம் செக்கச்செவேலென்று தடித்து, அந்தப் பிள்ளை அழக்கூட முடியாமல் நின்றது.

"எல்லாரும் வந்து பாருங்க! கல்யாணப் பொண்ணு மூஞ்சியா இது? மாப்பிள்ள வீட்டுக்கு நான் என்னன்னு பதில் சொல்லுவேன்? மட்டச் சரக்க வாங்கி எம்புள்ள மேலயா தடவிப் பாத்த? நீ நல்லாருப்பியா?"

"என் தப்புத்தாங்க. வெரசா வாங்க, டாக்டர்ட்டப் போயிருவோம்" என்று சுதா கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினாள்.

அவர்கள் போனதும் நான் அந்த டப்பாவை எடுத்துப் பார்த்தேன். தேதி போட்டிருந்த இடத்தில் புதுத் தேதி அச்சடித்த ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். அடியில் இருந்த தேதி முடிந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. கெட்டது என்று தெரிந்தே சீட்டு ஒட்டி விற்றிருக்கிறான்!

கல்யாணத்துக்குள் வீக்கம் வடிந்தது, கருந்திட்டு போகவில்லை. அந்த முகத்தோடுதான் ஜெயப்பிரியா மணவறையில் உட்கார்ந்தாள். பொண்ணுக்குத் தோல் வியாதியோ என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். பழனியாண்டவர் புண்ணியத்தில் தாலி ஏறியது.

கம்பெனிக்கு ஃபோன் போட்டோம். யார் யாரிடமோ மாற்றிவிட்டு, கடைசியில் தமிழ் பேசுகிற ஒரு பெண் வந்தாள். "உங்க அடுத்த ஆர்டருக்குக் கூப்பன் தர்றோம் மேடம்" என்றாள். நான் ஃபோனைப் பிடுங்கினேன்.

"கூப்பனா? அத ஒங்க மொதலாளி மூஞ்சியில ஒட்டு தாயி! எங்க பொண்ணு மூஞ்சிக்கு என்ன வழி, அதச் சொல்லு!"

புகாரை வெப்சைட்டிலேயே பதிவு பண்ணுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். சுதா மறுபடி சிவமுருகனிடம் போய், பேர், தொழில், ஊர் எல்லாம் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதிப் போட்டாள். ஒரு பதிலும் இல்லை.

அதற்கப்புறம் அவள் கடைக்கு ஆள் வரத்து நின்றது. பள்ளங்கியிலிருந்து ஒருத்தியும் வரவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? அந்தக் க்ரீமை விற்றுக் கொடுக்க சுதா கமிஷன் வாங்குகிறாள் என்று பேச்சுக் கிளம்பியது. எங்கிருந்து இது கிளம்பியது என்று எங்களுக்குப் புரியவேயில்லை.

சித்திரையில்தான் புரிந்தது. கூக்காலிலிருந்து ஒரு பெண் பஸ் பிடித்து வந்தாள். கையில் அதே டப்பா.

"அக்கா, இத எனக்குப் போட்டுவிடுங்க. நல்லாருக்குன்னு நீங்களே போட்டிருந்தீங்கல்ல? ஒங்க பேரப் பாத்துத்தான் எங்க அண்ணன வாங்கித்தரச் சொன்னேன்."

மூன்று பேரும் பிரவுசிங் சென்டருக்கு ஓடினோம். சிவமுருகன் திறந்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் படித்தான். 'சுதாராணி, பியூட்டிஷியன், கொடைக்கானல். என் கல்யாணப் பெண்களுக்கெல்லாம் இதைத்தான் போடுகிறேன். அருமையான பொருள்.' பக்கத்தில் ஐந்து நட்சத்திரம். அவள் எழுதின புகாரில் ஒரு வரிகூட அங்கே இல்லை. பேரை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவனே எழுதியிருக்கிறான்.

"என் பேர எடுத்துரு சிவமுருகா," என்றாள் சுதா.

"நம்மளால முடியாதுக்கா. அவன்தான் எடுக்கணும்."

எடுக்கச் சொல்லி எழுதினோம். எடுத்தானா? எந்தப் பாவி எடுப்பான்!

அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு நான் காய் வாங்கப் போனேன். சுதாவும் கூட வந்தாள். சுற்றுவட்டாரப் பெண்கள் அத்தனை பேரும் கூடுகிற இடம். முட்டைக்கோஸ் குவித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் திடீரென்று நின்றவள், ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறினாள். பத்துப் பேர் முன்னால் வாய் திறக்காதவள்.

"நான் நாயுடுபுரம் பார்லர் சுதாராணி! கம்ப்யூட்டர்ல ஒரு க்ரீம நல்லதுன்னு என் பேர்ல போட்டிருக்கான். நான் எழுதல. யாரும் வாங்காதீங்க. அத ஒரு கல்யாணப் பொண்ணுக்கு நான் போட்டேன், அவ மூஞ்சி வெந்துபோச்சு. போட்டது இந்தக் கைதான்!"

கூட்டத்தில் ஒருத்தி, "ஏன், இந்த மாசம் கமிஷன் வரலையாக்கும்?" என்றாள். சிரித்தார்கள். நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பாய்ந்தேன். எனக்கு முன்னால் பீன்ஸ் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு இன்னொருத்தி வந்தாள். விஜயராணி.

சுதாவின் முகத்தில் ரத்தமே இல்லை. மறுபடி வசவு விழும் என்றுதான் நானும் நினைத்தேன். விஜயராணி அவளைப் பார்க்கவேயில்லை. சிரித்தவளைப் பார்த்துத்தான் பேசினாள்.

"கெட்டது எம்புள்ள மூஞ்சி. கெடுத்தது இவதான். அத நான் சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன். ஆனா கேட்டதும் என் தப்புத்தான்னு ஒத்துக்கிட்டுத் தலகுனிஞ்சு நின்னவ இவ. பொய் எழுதுற கையி இல்ல இது. இனிமே கமிஷன்னு எவளாச்சும் சொன்னா, எங்கிட்ட வந்து சொல்லச் சொல்லு!"

மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பள்ளங்கி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். ஜெயப்பிரியாவின் முகம் கெட்ட நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத சுதாராணி, அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து, சந்தை முழுக்கப் பார்க்க வாய்விட்டு அழுதாள்.