மேலே நிழல் விழாமல்

கடலோர ஆய்வுக்கூடத்தில் நத்தைத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எல்லோருக்கும் அவர் நத்தைக்காரர். நடையும் அப்படித்தான், அவசரம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

தொட்டி என்றால் சேறு. அதன்மேல் பழுப்பாக ஒரு படலம், கண்ணுக்குத் தெரியாத பாசிகள் கோடிக்கணக்கில் சேர்ந்தது. மிளகளவு நத்தைகள் அரம் போன்ற நாக்கால் அதைச் சுரண்டித் தின்னும். தின்பதை எளிதில் பார்க்க முடியாது. ஊர்ந்துபோன வழியில் படலம் போய் வெளிறிய கோடு விழுந்திருந்தால், வயிறு நிறைகிறது என்று நிம்மதியாகலாம்.

"சேத்தைத் திங்கறதுக்கு ஒரு காவல்காரனா!" என்று கேலி செய்வாள் அக்கா. தாயில்லாத தம்பியை ஊட்டி வளர்த்து ஆளாக்கியவள். இப்போது தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து அவர் வீட்டில் இருந்தாள். வாய்வழியாகச் சாப்பிடாவிட்டால் மறுபடி மூக்கில் குழாய்தான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். தம்பி அவள் எதிரிலேயே உட்கார்ந்து ஸ்பூனை வெறித்துப் பார்ப்பார். அவளோ, "பசியில்லடா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அன்று புதுத் தொட்டியில் ஒரு கோடுகூட விழவில்லை. அவர் டார்ச்சும் கையுமாகக் குனிந்து குனிந்து பார்த்தார்.

ஆராய்ச்சி செய்யும் பெண் சிரித்துவிட்டாள். "அண்ணே, நாங்க எட்டிப் பார்த்தா, நிழல் பட்டா ஓட்டுக்குள்ள போயிடும்னு சத்தம் போடுவீங்க. இப்ப நீங்களே தலைக்குமேல நின்னா அது எப்படி வாயத் திறக்கும்?"

அவருக்குச் சுருக்கென்றது.

அன்று மாலை மசித்த உருளைக்கிழங்கை நீலத் தட்டில் பரப்பி வைத்தார். "துணி மடிக்கணும்கா" என்று அடுத்த அறைக்குப் போனார். ஸ்பூன் சத்தம் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு துணியை மடித்தார்.

திரும்பி வந்தபோது ஸ்பூன் வைத்தபடியே சுத்தமாக இருந்தது. தட்டில் மட்டும் ஓரத்திலிருந்து நடு வரைக்கும் விரலால் வழித்த தடம், வளைந்து வளைந்து, நீலமாக.

"வாயோரம் ஒழுகுதுடா. உனக்கு ஊட்டிவிட்டவ நான். இந்தக் கோலத்தை நீ பாக்கணுமா?" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்தபடி.

அவர் ஆராய்ச்சிப் பெண்ணுக்கும், அந்த நத்தைகளுக்கும் மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நாளைக்கும் துணி மடிக்கப் போறேன்கா."

"மடிக்க இன்னும் ஏதுடா துணி?"

"மடிச்சதைப் பிரிச்சு மடிக்கிறேன். நீ சாப்பிடு."