மரத்தைக் கழுவிய தண்ணீர்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு கிராமத்தில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பள்ளியில் இருப்பது ஒரே ஒரு மரம். புங்கமரம். பிள்ளைகள் மதியச் சாப்பாடு சாப்பிடுவது, பெற்றோர் கூட்டம் போடுவது, நாங்கள் தலைவலி தீர டீ குடிப்பது எல்லாம் அதன் அடியில்தான்.

அந்த மரத்துக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று பள்ளி மைதானம் முழுக்கச் சிமெண்ட் கல் பதித்துத் தருவதாகச் சொல்லியிருந்தது. மழை பெய்தால் முழங்கால் சேறு ஆகிற மைதானம் அது. எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால், நட்டநடுவில் மரம் நின்றால் கல் பதிக்க முடியாது, வேர் கிளப்பிவிடும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். குப்பை பெருக்கிப் பெருக்கி அலுத்துப்போன எங்கள் ஆயாம்மாவும் வெட்டினால் நல்லது என்றார். வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போடுவதாக முடிவாகியிருந்தது. எனக்கு மனசே இல்லை. ஆனால் கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வகுப்பில்தான் நான் புலி.

அந்த வாரம் பார்த்து பொன்னேரியில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு போட்டார்கள். கலையையும் இயற்கையையும் சேர்த்துச் சுற்றுச்சூழல் பாடம் நடத்துவது எப்படி என்று. பயிற்சி என்றால் எங்களுக்குத் தெரியும். கையெழுத்து, திரையில் படம், வடை, டீ, தூக்கம். அந்த எண்ணத்தில்தான் போய் உட்கார்ந்தேன்.

வந்தவர் தோளில் சணல் பை மாட்டிய ஒரு நடுத்தர வயதுக்காரர். பேச்சே இல்லாமல் ஆளுக்கொரு தாள் கொடுத்து, "இயற்கைக் காட்சி ஒண்ணு வரைங்க" என்றார். வரைந்தோம். எல்லாவற்றையும் வாங்கிச் சுவரில் ஒட்டினார். அப்புறம்தான் எங்களுக்கே சிரிப்பு வந்தது. அத்தனை பேரும் ஒரே படத்தை வரைந்திருந்தோம். இரண்டு மலை, நடுவில் பாதி சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை, பக்கத்தில் வளைந்த தென்னை. எங்கள் பள்ளி வாசலில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரியாது. புகைபோக்கிதான் தெரியும். படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை வரைந்தோம். அதையேதான் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அவர் எங்களைக் கேலி செய்யவில்லை. வெளியே கூட்டிப்போய், ஈரமான வெள்ளைத் துணி ஆளுக்கொன்று கொடுத்தார். சாலையோரச் செடியிலிருந்து ஓர் இலையைப் பறித்து அதில் வைத்து அழுத்தச் சொன்னார். சாயம் எதுவும் கிடையாது. எடுத்துப் பார்த்தால் துணியில் சாம்பல் நிறத்தில் ஓர் இலை, நரம்போடு. இலைமேல் படிந்திருந்த தூசிதான் சாயம். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் எனக்குப் பதிலாக இது பேசும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

வீட்டுக்காரருடைய வேட்டி ஒன்றைக் கேட்காமலேயே எடுத்து வைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் என் வகுப்புப் பிள்ளைகளிடம், எட்டுகிற கிளையில் இலை பறித்து வையுங்கள், வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, வருகைப் பதிவை முடித்துவிட்டு வந்தேன். எல்லா இலையும் தட்டில் அழகாக அடுக்கியிருந்தது. பச்சைப்பசேலென்று, நீர் சொட்டச் சொட்ட.

பிள்ளைகள் இலைகளைக் கழுவிவிட்டார்கள்.

யாரை நொந்துகொள்வது? கை கழுவு, தட்டைக் கழுவு, கொய்யாப்பழத்தைக் கழுவு, எதைத் தொட்டாலும் கழுவு என்று வருஷம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியவள் நான்தான். அதற்கு ஒரு பாட்டு வேறு கட்டிவிட்டிருந்தேன். பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். வேட்டியில் வைத்து அழுத்திப் பார்த்தேன். ஈரம்தான் பதிந்தது. வேறு இலை பறிக்கலாம் என்றால் எட்டுகிற கிளையெல்லாம் மொட்டை. பிள்ளைகளை மரத்தில் ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை.

அந்த வழியாக வந்த தலைமையாசிரியை மேலே பார்த்து, "அவங்க வெட்டறதுக்குள்ள நீங்களே மொட்டை அடிச்சிட்டீங்களா டீச்சர்?" என்றார். எனக்கு வந்த கோபத்தை அவரிடம் காட்ட முடியாது. பிள்ளைகளிடம் காட்டினேன். சொன்னதை மட்டும் செய்யத் தெரியாதா என்று சத்தம் போட்டு வகுப்புக்கு விரட்டினேன். முகம் வாடி உள்ளே போனார்கள். எனக்கு அழுகை வந்தது. சாயங்காலம் கூட்டம். மரம் போய்விடும்.

மதியச் சாப்பாடு முடிந்து, அந்தப் பக்கெட்டைக் கொட்டலாம் என்று குழாயடிக்குப் போனேன். எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி அங்கே குந்தியிருந்தாள். வகுப்பில் வாயே திறக்காத பெண். ஒரு தென்னங்குச்சியைப் பக்கெட்டுக்குள் விட்டு விட்டு எடுத்து, சிமெண்ட் தரையில் என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். தரையைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

எங்கள் மரம். கோணலான அடிமரம், ஒரு பக்கம் தாழ்ந்த கிளை, மணி கட்டித் தொங்கவிட்ட கம்பி வரை அப்படியே இருந்தது. மலை இல்லை, சூரியன் இல்லை. நல்ல கறுப்பில் இருந்தது. பக்கெட்டை எட்டிப் பார்த்தேன். மேலே தண்ணீர் தெளிந்துவிட்டிருந்தது. அடியில் வண்டல் மை போலக் கறுப்பாகப் படிந்திருந்தது. காலையிலிருந்து நான் தேடிய சாயம் அங்கேதான் இருந்தது.

மேல் தண்ணீரை மெதுவாக வடித்தோம். கையால் தொடக்கூடாது என்று சொல்லி, குச்சிகளில் துணி சுற்றிக் கொடுத்தேன். வேட்டியைத் தாழ்வாரத்தில் விரித்தோம். அந்தப் பெண் அடிமரம் போட்டாள். மற்றவர்கள் கிளை விட்டார்கள். காலையில் கழுவிய அதே இலைகளை அந்தக் கறுப்பில் தோய்த்து, ஒவ்வொன்றாகக் கிளைகளில் பதித்தார்கள். ஒரு பாடவேளை முடிவதற்குள் வேட்டி முழுக்க மரம் நின்றது. காயட்டும் என்று சுற்றுச்சுவர்மேல் போட்டோம்.

தலைமையாசிரியை பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. தொழிற்சாலையிலிருந்து அதிகாரி வருகிறார், கல் தருகிறவர் முகத்திலேயே கரி பூசுகிற மாதிரி இருக்கும், மடித்து உள்ளே வையுங்கள் என்றார். அவர் பயமும் நியாயம்தான். பிள்ளைகளின் அப்பா அம்மாவில் பாதிப் பேருக்கு அந்தப் பேட்டையில்தான் வேலை. அடுப்பு எரிவதே அதில்தான். ஈரமாக இருக்கிறது மேடம், மடித்தால் ஒட்டிக்கொள்ளும் என்றேன். பொய் இல்லை. ஆனால் காய்ந்திருந்தாலும் நான் மடித்திருக்க மாட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

கூட்டம் வழக்கம்போல மரத்தடியில்தான் நடந்தது. மரத்தை வெட்டுவதற்கான கூட்டத்தை அதன் நிழலிலேயே போடுகிறோம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. குழுத் தலைவி எங்கள் மாணவன் ஒருவனின் அம்மா, வாயாடி. வேட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், மரத்தைக் கறுப்பா வரைஞ்சி வெச்சிக்கீறீங்க? பச்சை பெயிண்டு தீந்துபூட்ச்சா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் பதில் சொல்ல எழுந்தேன். அதற்குள் அந்தப் பெண், வகுப்பில் வாயே திறக்காதவள், வகுப்பு வாசற்படியில் நின்றபடி, "பெயிண்டு இல்ல அத்தே. மரத்தைக் கழுவுன தண்ணி" என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் அப்பா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். இரும்பு உருக்கும் உலையில் வேலை செய்கிறவர். ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு நேராக வந்திருந்தார். எழுந்து போய் வேட்டியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டிய கறுப்பைப் பார்த்தார்.

"நான் குளிச்சாலும் இதே கலருதாம்மா வருது. நானாவது சம்பளம் வாங்கிக்கினு உள்ள வாங்குறேன். இந்த மரம் சும்மா நின்னுக்கினு வாங்குது. இத்த வெட்டிட்டா அப்பால எம் பொண்ணு வாங்கும்" என்றார்.

யாரையும் குறை சொல்கிற குரலில் அவர் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். தலைவி தலை நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். அவரைத் தொடர்ந்து ஒவ்வொருவராக எல்லோரும் பார்த்தார்கள். ஆயாம்மாகூட.

தொழிற்சாலை அதிகாரி சின்ன வயதுக்காரர். அவருக்குச் சங்கடமாக இருந்திருக்கும். ஆனால் எழுந்து போய்விடவில்லை. மரத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, வட்டமாக இடம் விட்டுக் கல் பதிக்கலாம், தான் பேசிக்கொள்கிறேன் என்றார். தலைமையாசிரியை பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. தீர்மானத்தில் 'வெட்டுவது' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு மாற்றி எழுதினோம். கரியமில வாயு, பிராணவாயு என்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு அப்படியே என் வயிற்றுக்குள் போய்விட்டது.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மேஸ்திரி வட்டத்தைச் சின்னதாகப் போட்டுவிட்டார். அடுத்த வருஷமே கொஞ்சம் கல்லைப் பெயர்த்து எடுக்க வேண்டியிருந்தது. புகைபோக்கி இன்னும் அங்கேதான் இருக்கிறது. மழை இல்லாத மாதங்களில் இலைகள் இன்றைக்கும் கறுத்துத்தான் போகின்றன. ஆனால் மரம் நிற்கிறது. மொட்டையான கிளைகள் அந்தப் பங்குனியிலேயே துளிர்த்துவிட்டன. என் வீட்டுக்காரர் அந்த வேட்டியை இன்னும் பீரோவில் தேடிக்கொண்டிருக்கிறார். அது எங்கள் வகுப்புச் சுவரில் தொங்குகிறது என்று யாரும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

கூட்டத்துக்கு மறுநாள் சனிக்கிழமை. திங்கட்கிழமை வரை பொறுக்க முடியாமல் தவித்தேன். வகுப்புக்குள் போனதும் முதல் வேலையாக, திட்டியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டேன். அவர்களுக்கு அது மறந்தே போயிருந்தது. அடுத்து எதைக் கழுவலாம் டீச்சர் என்று கேட்டார்கள்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்துவிட்டது. நான் ஒன்று சொல்ல, ஒரு பிள்ளை வேறொன்றைச் செய்துவிட்டு வந்து நின்றால், வாயைத் திறப்பதற்கு முன்னால் பக்கெட்டை ஒரு முறை எட்டிப் பார்த்துவிடுகிறேன்.