உறை துளைத்த இடம்

குழந்தைகளின் தைராய்டுக் கட்டிகளை நானும் என் மனைவியும் தனித்தனியே பார்ப்போம். இருவருமே நோயியல் மருத்துவர்கள். ஒருவர் நுண்ணோக்கியில் பார்த்து, முடிவைத் தாளில் எழுதி மடித்து வைப்பார், பிறகு மற்றவர். அதன் பின்னரே இரண்டையும் பிரிப்போம். இந்த ஒழுங்கை அவள் ஒருநாளும் தளர்த்தியதில்லை.

அவள் இறந்த மூன்றாம் மாதம், ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றைச் சேர்ந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கட்டி நுவரெலியாவில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தது. தைராய்டின் ஒரு பாதியோடு அதை எடுத்திருந்தார்கள். அடுத்து என்ன செய்வது என்பது என் முடிவைப் பொறுத்திருந்தது.

இவ்வகைக் கட்டியில் உயிரணுக்களின் தோற்றம் எதையும் சொல்லாது. புற்றுநோயானாலும் இல்லாவிட்டாலும் அவை ஒன்றுபோலவே இருக்கும். சுற்றியுள்ள உறையைக் கட்டி துளைத்திருக்கிறதா என்பதே கேள்வி. நான் பார்த்த கண்ணாடித் தகடுகள் அனைத்திலும் உறை முழுமையாக இருந்தது. ‘தீங்கற்றது’ என்று எழுதி மடித்தேன். அப்படியே கையொப்பமிட்டிருக்கலாம். மறுநாள் தகடுகளைக் கண்டியிலுள்ள சக மருத்துவர் ஒருவருக்கு அனுப்பினேன். என் முடிவைக் குறிப்பிடவில்லை.

பத்தாம் நாள் சிறுமியின் தாய் கொழுந்து எடுக்கப் போகாமல் மகளோடு வந்து நின்றார்.

“இன்னும் வரலைங்களா, டாக்டரய்யா?”

“கண்டிக்கு அனுப்பியிருக்கேம்மா. இன்னொருத்தரும் பாக்கணும்.”

“எம்புள்ள இன்னும் கண்டியே பாத்ததில்லைங்க. அவ கழுத்துக் கட்டி பாத்துருச்சு!”

“போம்மா,” என்று சிறுமி தாயின் கையைக் கிள்ளினாள்.

அன்று மாலை கண்டியிலிருந்து அழைப்பு வந்தது. ஓரிடத்தில் உறை மெலிந்திருக்கிறது, அங்கே இன்னும் ஆழமாகச் சீவிப் பாருங்கள் என்றார். மெழுகில் பதித்திருந்த அந்தத் துண்டை மீண்டும் சீவச் செய்தேன். நான்காவது சீவலில் கட்டி உறையைத் துளைத்து வெளியே வந்திருந்தது. இரத்தக் குழாய் எதற்குள்ளும் புகவில்லை. புற்றுநோய்தான், அதில் மிதமான வகை. என் சொல் மட்டும் போயிருந்தால் அந்தப் பிள்ளையைப் பிறகு யாரும் கண்காணித்திருக்க மாட்டார்கள். அந்த இடத்தை என் மனைவி தவறவிட்டிருக்க மாட்டாள்.

தாயிடம் சொல்லும்போது நானும் அறுவை மருத்துவரின் அறையில் இருந்தேன்.

“அப்ப கேன்சர்தானுங்களா?”

“ஆமாம்மா,” என்றேன். “கட்டிய முழுசா எடுத்தாச்சு. மத்தப் பாதிய எடுக்க வேணாம்னு டாக்டர் சொல்றாரு. ஆனா ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன் பண்ணணும். பல வருசத்துக்கு.”

தாய் மகளின் கழுத்தைப் பார்த்தார்.

“ஞாயித்துக்கிழமையில போட முடியாதுங்களா?”

“ஞாயிறு கிளினிக் இல்லம்மா.”

“வேல போனாப் போகட்டுங்க. தேதியப் போடுங்க.”