நாலு நிமிஷ விமானம்

சென்னையில் ஒருவர் போனில் "தோ, வந்துட்டேன்" என்றால் அவர் இன்னும் குளிக்கவே இல்லை என்று அர்த்தம். "டர்னிங்ல கீறேன்" என்றால் சட்டையை மாட்டிக்கொண்டிருக்கிறார். பிளம்பர் முதல் சம்பந்தி வீட்டார் வரை இதில் ஒரு வித்தியாசமும் கிடையாது. கேட்கிறவருக்கும் இது தெரியும். தெரிந்தேதான் "சரி, வாங்க" என்று போனை வைப்பார். இந்த ஊரில் அந்த வார்த்தையைச் சொல்லாத ஒரே ஓர் ஆளை நான் பார்த்திருக்கிறேன். அவர் ரங்கன்.

மயிலாப்பூரில் நான் வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில் அவர் பத்தொன்பது வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டினார். பட்டினப்பாக்கத்துக்காரர். நெஞ்சு வலி என்று போனில் அழுகிறவர்களிடம், "பதினெட்டு நிமிஷம் ஆவும்" என்று பட்டென்று சொல்லிவிடுவார். அடுத்த போன் எனக்கு வரும். உங்கள் டிரைவருக்கு ஈவு இரக்கமே கிடையாதா என்று கேட்பார்கள். எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும்.

"ஏன் ரங்கண்ணா, தோ வந்துட்டேன்னு சொன்னா கொறைஞ்சா போயிடுவீங்க?"

"அப்டி சொன்னா அவங்க குந்திகினு இருப்பாங்க ஜானும்மா. பதினெட்டுன்னு சொன்னாத்தான் வேற வண்டி தேடுவாங்க."

எட்டு வருஷத்துக்கு முன்பு சாருலதாவின் அம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது. சாருலதா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், எங்களுக்கு நாலு தெரு தள்ளி வீடு. அன்றைக்கு மழை, எங்கள் வண்டி எழும்பூரில் மாட்டிக்கொண்டிருந்தது. "இருபத்தாறு நிமிஷம் ஆவும்மா, பக்கத்துல யார்னா கார் வச்சிருந்தா எழுப்புங்க" என்றார் ரங்கன். அவள் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அம்மா பிழைத்து, இன்னும் மூன்று வருஷம் இருந்தார். அதிலிருந்து சாருலதா எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தால் டாக்டரிடம் பேசுவதற்கு முன்னால் ரங்கனிடம்தான் பேசுவாள்.

போன வருஷம் சர்க்கரை அவருடைய இடது கண்ணில் கை வைத்தது. லைசென்ஸ் போயிற்று. நிர்வாகம் அவரை மொட்டை மாடிக்கு அனுப்பியது. அங்கேதான் ஒரு கம்பெனி, ஓடாமல் நின்ற இடத்திலிருந்தே நேராக எழும்பும் மின்சார விமானத்தைச் சோதனைக்காக இறக்க இடம் பிடித்திருந்தது. வாசலில் பெரிய போர்டு: "மயிலாப்பூர் – அடையாறு நாலே நிமிடம்." முதலில் நோயாளிகளை அடையாறு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்களாம். பிறகு ஆபீஸ் போகிறவர்கள், கடைக்குப் போகிறவர்கள் எல்லாரும் தினமும் ஏறுவார்களாம். பைலட் போக இரண்டே பேர், ஆளுக்கு ஏழு கிலோ மூட்டை. தி. நகரில் தீபாவளித் துணி எடுத்துவிட்டு வரும் குடும்பத்தை இவர்கள் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

மாடியில் ரங்கனுக்கு வேலை, காற்றாடிகள் அறுந்து விழும் மாஞ்சா நூல் பொறுக்குவது, காக்கா விரட்டுவது, நோயாளியை மேலே ஏற்றுவது. சேர்ந்த முதல் வாரமே பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். எங்கள் லிஃப்டில் ஸ்டிரெச்சர் நுழையாது, சக்கர நாற்காலிதான். அந்த லிஃப்டும் நாலாவது மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் பதினேழு படி, நடுவில் ஒரு திருப்பம், ஆளைத் தூக்க வேண்டும். அதற்குள் அடையாறில் விமானம் கிளம்பி வர ஒன்பது நிமிஷம், ஏற்றிப் பட்டை கட்ட நாலு, பறக்க நாலு, அங்கே கீழே இறக்க ஐந்து.

"இருபத்திரண்டு ஆவுது. நாலு நிமிஷம் இன்னா கணக்கு? அதுவும் காத்து அடிக்காம இருந்தா. சந்துல பூந்து போற ஆட்டோ இத்த விட முன்னாடி போயிடும்."

கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். மூன்று நோயாளிகள் கேட்டுவிட்டு ஆட்டோவில் போனார்கள். கம்பெனி சார்பில் எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த கீர்த்தி நல்ல பையன்தான், ஆனால் அவனுக்கும் மேலே ஆள் இருக்கிறதே. ஒருநாள் என் மேஜை அருகிலேயே ரங்கனைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, இனிமே நிமிஷம் சொல்லாதீங்க. வந்துட்டே இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, போதும். இந்த மாசமும் யாரும் ஏறலைன்னா இங்க மூடிடுவாங்க. அப்புறம் உங்களுக்கும் வேலை இருக்காது."

ரங்கன் என் மேஜையிலிருந்த காலண்டர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு கண்ணோடு ஐம்பத்தாறு வயசில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? வாதாட எனக்கும் வாய் வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலே கால். தார் உருகுகிற வெயில். எங்கள் ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்தோடு எழும்பூர் போயிருந்தது. சாருலதா தன் அப்பா ராஜகோபாலனை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். டாக்டர் இ.சி.ஜி. பார்த்தார், நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தார். உடனே அடையாறு போக வேண்டும் என்றார். ஆட்டோ டிரைவர் நூர் முஹம்மது இன்ஜினை அணைக்காமல் வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஏத்துங்கம்மா, நான் சந்துல பூந்து போயிடறேன்."

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ரங்கன் வந்தார். சாருலதாவின் முகத்தில் உயிர் வந்தது.

"ரங்கன், நீங்க சொல்லுங்கோ. ஆட்டோல அழைச்சுண்டு போகட்டுமா, இது வந்துடுமா?"

ரங்கன் கையிலிருந்த போனில் அடையாறு விமானம் தயார் என்று பச்சையாகத் தெரிந்தது, பக்கத்தில் நாலு என்ற எண். கீர்த்தி இரண்டடி தள்ளி நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தோ, வந்துடும்மா."

என் கையில் பேனா நின்றது. எத்தனை நிமிஷம் என்று அவள் கேட்கவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாள். அவள் வாசலைப் பார்த்து, "நீங்க போங்கோ" என்றாள். ஆட்டோ போய்விட்டது.

ஃபைலை எடுத்துக்கொண்டு டாக்டரோடு நானும் மேலே போனேன். பதினேழு படியிலும் ராஜகோபாலனை நாற்காலியோடு தூக்கினார்கள். மாடித் தரையில் செருப்பைத் தாண்டிச் சூடு ஏறியது. சாருலதா அப்பாவுக்குக் குடை பிடித்தாள். வாக்கி டாக்கியில் அடையாறிலிருந்து முதலில் விமானத்தின் பேட்டரி சூடாக இருக்கிறது, ஆறட்டும் என்றார்கள். பத்து நிமிஷம் கழித்துக் கிளம்பப் போகிறது என்றார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் கடல் காற்று திரும்பியது. கம்பத்தில் தொங்கிய, காற்றின் திசை காட்டும் துணிப் பை கிழக்குக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. காற்று அளவுக்கு மேல் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். கீழே இறக்கி வேறு வண்டி பார்க்கலாம் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்தபோதெல்லாம், "வந்துட்டே இருக்கு சார்" என்றான் கீர்த்தி.

"வரதாடி?" என்று ராஜகோபாலன் ஒரு தடவை கேட்டார்.

"வரதுப்பா."

ஆட்டோ போன முப்பத்தொன்றாவது நிமிஷத்தில் அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கொதிக்கும் அந்தத் தரையிலேயே படுக்க வைத்து டாக்டர் நெஞ்சை அழுத்தினார். வெகுநேரம் அழுத்தினார். எல்லாம் முடிந்து பதினோரு நிமிஷம் கழித்து விமானம் வந்தது. சத்தமே அதிகம் இல்லாமல், கோடு போட்ட இடத்தில் அழகாக இறங்கியது. கீர்த்தி சுவரோரம் போய் வாந்தி எடுத்தான்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. "வானிலை காரணமாகத் தாமதம்" என்று ஒரே வரி. அதில் ரங்கன் பெயரே இல்லை. நான் அப்பாடா என்றேன். அவர் சந்தோஷப்படவில்லை. மறுநாள் அதே நாலே காலுக்கு ஓர் ஆட்டோ பிடித்து, எங்கள் வாசலிலிருந்து அடையாறு வரை போய் வந்திருந்தார். ஆறாம் நாள், "சாருலதாம்மா வூட்டுக்குப் போய்ட்டு வரேன்" என்றார். அவர் வாயை அடைக்கத்தான் நானும் கூடப் போனேன். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"எதுல போயிருந்தாலும் பிழைச்சிருப்பாரான்னு டாக்டருக்கே தெரியலை ரங்கண்ணா. அந்தப் பொண்ணு உயிரை வாங்காதீங்க. போனோமா, துக்கம் கேட்டோமா, வந்தோமான்னு இருங்க."

கதவைத் திறந்தது சாருலதாதான். கண்ணைச் சுற்றிக் கறுத்துப் போயிருந்தாள். உட்காரச் சொன்னாள். ரங்கன் உட்காரவில்லை. அவள் நேராக அவரைப் பார்த்தாள்.

"ஆட்டோல போயிருந்தா எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்?"

நான் ரங்கன் கையை அழுத்தினேன். அவர் விடுவித்துக்கொண்டார்.

"பத்தொம்போதும்மா. மக்யா நாளு அதே டைமுக்குப் போய்ப் பாத்தேன்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நான்தானே ஆட்டோவை அனுப்பினேன். ஆறு நாளா இதேதான் எனக்கு. தூங்கவே முடியலை. என் வாயாலதானே போங்கோன்னேன்."

"நீங்க அனுப்பல. நான் சொன்னேன், அதால அனுப்பினீங்க. வராதுன்னு எனக்குத் தெரியும்மா. இருபத்திரண்டுக்கு மின்ன போவவே போவாதுன்னு கணக்கே போட்டு வச்சிருந்தேன். வேலை போயிடும்னு பயந்துகினு சொல்லிட்டேன்."

எனக்கு அவர் வாயைப் பொத்திவிடலாம் போலிருந்தது. சாருலதா சுவரிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்போ தப்பு என்னோடது இல்லையா?"

"இல்லம்மா. என்னுது."

"பாவி! உன்னை நம்பினேனேடா!" என்று கத்தினாள். அம்மா பெயரைச் சொல்லிக் கத்தினாள், அப்பா பெயரைச் சொல்லிக் கத்தினாள். மற்ற வீட்டுக் கதவுகள் திறந்தன, படியில் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். போகலாம் என்று நான் இழுத்தேன். ரங்கன் அசையவில்லை. இதை வாங்கிக்கொள்ளத்தான் அவர் வந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் திட்டி முடித்து, தரையில் உட்கார்ந்து, ஆறு நாளில் முதல் தடவையாக வாய்விட்டு அழ ஆரம்பிக்கும் வரை அவர் தலையைக் குனிந்தபடி நின்றார். நானும் நின்றேன்.