தாத்தாவின் சனிக்கிழமை

எங்கள் தாத்தாவின் முதலாண்டு நினைவுக்காக மலையேறி வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். சனிக்கிழமை வைத்திருந்தால் மறுநாள் நிதானமாக வீடு திரும்பலாமே, ஏன் ஞாயிற்றுக்கிழமை என்று உங்களில் பலர் போனில் கேட்டீர்கள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் இந்த நினைவிதழில் எழுதுகிறேன்.

தாத்தா பினாங்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, பட்டறையில் தொழில் பழகி, இந்தத் தோட்டத்துத் தேயிலை ஆலைக்கு மெக்கானிக்காக வந்தார். வந்த இடத்தில் பாட்டியைப் பார்த்தார். கட்டினால் இவரைத்தான் என்று நின்றார். பாட்டி மாரியம்மன் கோயிலுக்குப் போவார். தாத்தா தம் தந்தை சொல்லிக்கொடுத்த ஜெபத்தைச் சொல்வார். ஒருவரை ஒருவர் மாற்ற நினைத்ததே இல்லை.

தாத்தாவின் கை சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. ஆர்க்கிட் வளர்ப்பார், மவுத் ஆர்கன் வாசிப்பார், விளக்கைத் தேடி வரும் விட்டில்களைப் படம் பிடிப்பார். பழைய ரேடியோக்களைப் பிரித்துப் போடுவார். அவையெல்லாம் திரும்பப் பாடின என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிடும்; அத்தனையும் நின்றுவிடும். பாதி முடுக்கிய திருகாணி அப்படியே கிடக்கும். இரண்டு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு உட்கார்ந்தார் என்றால், சனி இருட்டும்வரை சுவிட்சைக்கூடத் தொட மாட்டார். விளக்கைப் போடுவது என் வேலை. “வெள்ளிக்கிழம ஆனா போதும், இவரு பெரிய துரைலா” என்று பாட்டி கிண்டல் செய்வார். அந்த ஒரு நாளுக்காக ஞாயிறும் தீபாவளியும் ஆலையில் தாத்தாதான் நிற்பார். சனிக்கிழமையும் வரவேண்டும் என்றதால் ஃபோர்மன் வேலையையே வேண்டாம் என்றார். பாட்டிக்கு அதில் கடைசிவரை வருத்தம்தான்.

போன ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை காலை, தானா ராத்தா மருத்துவமனையில் தாத்தா கண்மூடினார். யாருக்காகவும் காத்திராமல் சீக்கிரம் அடக்கம் செய்யவேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். அன்று மாலைக்குள் முடித்திருக்கலாம். ஆனால் பெரிய மாமா மெல்பர்னிலிருந்து மறுநாள்தான் வர முடியும். மூத்த மகன் இல்லாமல் எடுப்பதா என்றார்கள். மாமா எதையும் வற்புறுத்தவில்லை. காத்திருக்கிறோம் என்று சொன்னது நான்தான்.

சனிக்கிழமை எடுத்தால் வீட்டுக்கு ஆகாது என்று பெரியவர்கள் பயந்தார்கள். துணைக்கு அனுப்ப ஒரு கோழியை பிரிஞ்சாங் சந்தையிலிருந்து வாங்கிவந்து பெட்டியோடு கட்டினார்கள். நம்முடைய சனிக்கிழமைக்குப் பரிகாரம் செய்தோம். தாத்தாவின் சனிக்கிழமை ஒருவருக்கும் நினைவில்லை, பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தையைத் தவிர.

பெட்டியைத் தூக்கும்போது அத்தை என் கையைப் பிடித்தார். “ஏம்மா, தாத்தா சனிக்கிழம வாசலத் தாண்ட மாட்டாரே. இன்னிக்குப் போயி கெளப்புறீங்களே?”

“எல்லாரும் வந்துட்டாங்க அத்தை. லோரியும் வந்துருச்சு.”

அத்தை கையை விட்டுவிட்டார். மாமாவுக்காக ஒரு நாள் காத்திருந்த எனக்கு, தாத்தாவுக்காக இன்னொரு நாள் காத்திருக்கத் தோன்றவில்லை. வந்தவர்கள் முகம் சுளிப்பார்களே என்றுதான் நினைத்தேன். கோழி வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தது. பாட்டிக்குப் பக்கத்தில், தாத்தா கேட்ட இடத்தில்தான் அடக்கம் செய்தோம். அதை நினைத்து மனத்தைத் தேற்றப் பார்க்கிறேன்; முடியவில்லை.

தாத்தாவைக் கடைசிவரை கவனித்த தாதியர்களுக்கும், மழையில் குழி வெட்டிய தோட்டத்து அண்ணன்மார்களுக்கும், பந்தலும் நாற்காலியும் தந்த கோயில் குழுவினருக்கும் எங்கள் நன்றி. எல்லாருக்கும் மேலாக, கேட்க வேண்டியதைக் கேட்ட அஞ்சலை அத்தைக்கு.

இனித் தாத்தாவைப் பார்க்க எந்த நாளும் வாருங்கள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம். ஒருமுறை அவரைக் கிளப்பியது போதும்.