ஊசி நெஞ்சைத் தொடுமா?

கை நடுங்காமல் இருந்தால் போதும் என்று கம்பவுண்டர் வேலைக்குச் சேர்ந்தேன்; எதிரே இருப்பவர் நடுங்கினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. நீங்களும் வீடு வீடாகப் போய் ஊசி போட்டவராக இருந்தால் உங்களுக்குப் புரியும்.

பானை

தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருந்த சுப்பையா அண்ணாச்சிக்குத் தினமும் காலையில் இன்சுலின் போடுவேன். ஐஸ்பெட்டி இல்லாத காலம். ஈரமணல் நிரப்பிய பானைக்குள் மருந்துக் குப்பியைப் புதைத்து வைத்திருப்பார் அவர் மனைவி கோமதி மதினி. பிள்ளைகள் எடுத்துவிட மாட்டார்களா என்று கேட்டேன்.

"உள்ள நல்லபாம்பு கிடக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். ஒண்ணும் கிட்ட வராது."

எண்ணெய்க் குளியல்

அரைமணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று சொல்லித்தான் ஊசி போடுவேன். சீசன் வந்ததும் ஒருநாள், ஊசி போட்ட கையோடு அண்ணாச்சி எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலம் போய்விட்டார். அருவியில் கூட்டம். வரிசை நகரவில்லை. மத்தியானம் குதிரைவண்டியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். உடம்பெல்லாம் வியர்வை, நெஞ்சு தடதடவென்று அடித்தது. மாரடைப்பு என்றார் வண்டிக்காரர். டாக்டர் ஒன்றுதான் கேட்டார், சாப்பிட்டாரா என்று.

"குளிக்காம எப்படிய்யா சாப்பிடுவாவ?" என்றார் மதினி.

சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போனதும் படபடப்பு அடங்கியது. இரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் நெஞ்சு இப்படித்தான் பதறும் என்று டாக்டர் விளக்கினார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"உம்ம ஊசி நெஞ்சுக்குள்ள இறங்கிட்டு வே. இனிமே நம்ம நடை ஏறாதேயும்."

வலிக்காத நெஞ்சு

ஊசியை நிறுத்திவிட்டார். சில மாதம் கழித்து, நாலு படி ஏறியதற்கே மூச்சிரைத்து ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தார். வலியே இல்லை என்று சாதித்தார். ஏற்கெனவே ஒரு மாரடைப்பு வந்து போயிருக்கிறது, நாள்பட்ட சர்க்கரைக்காரருக்குச் சில சமயம் வலி தெரியாது என்றார் டாக்டர். ஊசி நெஞ்சுக்கு நல்லதா கெட்டதா என்று நானே அவரிடம் கேட்டேன்.

"நெஞ்சும் சதைதான்யா. அதுக்கும் அளவாத் தீனி வேணும். ஊசியை விட்டாலும் கெடும், சாப்பாட்டை விட்டாலும் பதறும்."

மறுநாள் காலையில் நான் அந்தத் தெருவில் போனபோது, மதினி பானையோடு தன் வீட்டு வாசலில் நின்றார்.

"வாங்க. பாம்பை எடுங்க."

சாரல்

அடுத்த சீசனில் அருவிக்கடியில் நிற்க அண்ணாச்சிக்கு டாக்டர் அனுமதி தரவில்லை. சாரல் படுகிற தூரத்தில், அருவிக்கரைக் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குளிக்காமலே இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"சாமி கேட்டா, கம்பவுண்டர்தான் திங்கச் சொன்னாருன்னு உம்ம பேரைச் சொல்லிருவேன், பாத்துக்கிடும்."

ஊசி நெஞ்சைத் தொடுமா என்று கேட்பவர்களிடம், முதலில் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் இன்றும் பதில் சொல்கிறேன்.